ஒற்றைக் காதுக்குச் செய்த இசை

என் இயர்போனில் வலது பக்கம் வேலை செய்யாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. புதிதாக வாங்க வேண்டும் என்று நினைப்பதோடு சரி. திருப்பூரில் வேலை முடிந்து சோமனூர் பஸ் ஏறினால், இடது காதில் மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவேன். அப்படிக் கேட்டால் நமக்குப் பழக்கமான பாட்டுகள் பாதி காணாமல் போய்விடும். ஒரு வயலின் கேள்வி கேட்கும், பதில் சொல்ல வேண்டிய புல்லாங்குழல் வராது. அது செத்துப்போன வலது பக்கத்தில் இருக்கும்.

2025 ஜூன் 11 அன்று அமெரிக்க பாப் இசைக்கலைஞர் பிரையன் வில்சன் காலமானார். வயது 82. மறுநாள் பஸ்ஸில் செய்தி பார்த்தேன். அவருடைய குழு பீச் பாய்ஸ் என்ற பெயர் தெரியும். உட்கார்ந்து ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. அவருடைய முக்கியமான ஆல்பம் 'பெட் சவுண்ட்ஸ்' என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். பதிமூன்று பாட்டு, சுமார் 36 நிமிடம், சோமனூர் வந்து சேரவும் முடியவும் சரியாக இருந்தது. இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது: இன்றைக்கு எதுவுமே குறையவில்லை. ஒரு காதில் கேட்டும் முழுசாகக் கேட்டிருக்கிறேன்.

தற்செயல் என்று நினைத்தேன். அப்புறம் படித்தபோது காரணம் தெரிந்தது. 1966 மே 16 அன்று வெளியான அந்த இசைத்தட்டை அவர் மோனோவில் முடித்திருக்கிறார். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. பிரையன் வில்சனுக்குச் சிறுவயதிலிருந்தே வலது காது ஏறக்குறையக் கேட்காது. ஸ்டீரியோ என்பது இரண்டு காதை நம்பிச் செய்வது: இது இடமிருந்து வரும், அது வலமிருந்து வரும், கேட்பவர் மனதில் ஒரு மேடை விரியும். அந்த மேடையை அவரால் பார்க்கவே முடியாது. அதனால் எல்லா வாத்தியத்தையும், எல்லாக் குரலையும் ஒரே இடத்துக்குள் அடுக்கினார். ஒன்றை ஒன்று அமுக்காமல் அடுக்க வேண்டும். இந்த ஆல்பம் ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிந்திக் கேட்டதற்கு நம் பக்கத்துக் காரணமும் உண்டு. எண்பது, தொண்ணூறுகளில் கோவையிலும் திருப்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு இசை வந்த வழிகள் மூன்று: ரேடியோ, டவுன் பஸ், கேசட் பதிந்து தரும் கடை. கடையில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். 60 நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டு. ஏ பக்கம் சோகம், பி பக்கம் டூயட். எந்தப் படம், எந்த வரிசை என்பதெல்லாம் கணக்கில்லை. பாப் பாட்டு கேட்பவர்களும் அப்படித்தான். போனி எம், ஆபா (ABBA), மைக்கேல் ஜாக்சன் என்று ஆளுக்கு இரண்டு பாட்டுப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு இசைத்தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்கும் வழக்கமே நமக்கு வளரவில்லை. இளையராஜா 1986-இல் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பம் போட்டபோது அதை அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் அது ஓடவில்லை. கடலும் காரும் பாடிய ஒரு கலிபோர்னியாக் குழு, அறுபதுகளின் நடுவில் செய்த, ஆட முடியாத ஒரு ஆல்பம் சோமனூர் வரைக்கும் எப்படி வந்து சேரும்?

அந்தக் குழுவின் கதை சுருக்கமாக. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று வில்சன் சகோதரர்கள் மூன்று பேர், அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஹாதார்ன் ஊர். 1962-இலிருந்து நான்கு வருடத்தில் பத்து ஸ்டுடியோ ஆல்பம் போட்டார்கள். வருடத்துக்கு இரண்டு, மூன்று. 1964 டிசம்பரில், கச்சேரிக்குப் போகும் விமானத்தில் பிரையனுக்கு மனப்பதற்றம் தாங்க முடியாமல் உடைந்துபோனார். அதன் பிறகு ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டிலும் ஸ்டுடியோவிலும் இருந்து பாட்டு மட்டும் செய்தார். 1966 ஜனவரியில் மற்றவர்கள் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருக்க, இவர் லாஸ் ஏஞ்சலஸில் வாத்தியக்காரர்களைக் கூட்டி வைத்துப் பதிந்துகொண்டிருந்தார். வரிகளுக்கு டோனி ஆஷர் என்ற விளம்பர எழுத்தாளர். அப்போது பிரையனுக்கு 23 வயது.

தூண்டுதல், பீட்டில்ஸ் 1965 டிசம்பரில் வெளியிட்ட 'ரப்பர் சோல்' ஆல்பம். அதில் இடத்தை நிரப்புவதற்கென்று போட்ட பாட்டே இல்லை என்பது பிரையனை உலுக்கியது. அந்தக் காலத்து அமெரிக்க பாப் உலகில் இரண்டு ஹிட் பாட்டு இருந்தால் மிச்சத்தை எதையாவது வைத்து அடைத்துவிடுவார்கள். முழுத்தட்டும் ஒரே தரத்தில், ஒரே மனநிலையில் இருக்க வேண்டும் என்று இவர் இறங்கினார்.

முதல் தடவை கேட்டபோது எனக்கு உண்மையில் பெரிய வியப்பு வரவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இதற்கா உலகம் அறுபது வருடமாக இவ்வளவு பேசுகிறது என்று தோன்றியது. ஒரு விஷயத்தைப் பிந்திச் சந்திப்பதில் உள்ள சிக்கல் இது. அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். பெரியவர் வரும்போது முகச்சாயல் எல்லாம் தெரிந்ததாகவே இருக்கிறது. அதோடு, அமெரிக்கர்களுக்குப் புதுசாக இருந்தது நமக்குப் புதுசே இல்லை. அங்கே பாட்டு எழுதுபவர் ஒருவர், வாத்தியம் பிரித்துக் கொடுப்பவர் ஒருவர், ஒலிப்பதிவை நடத்தும் தயாரிப்பாளர் ஒருவர், பாடுபவர் ஒருவர். நான்கையும் ஒரே இளைஞர் கையில் எடுத்தது அங்கே பெரிய சேதி. நமக்கோ இசையமைப்பாளர் என்றாலே மெட்டு முதல் கடைசி வயலின் வரை அவர் பொறுப்புதான். கிடாரோடு புல்லாங்குழலும் செல்லோவும் சேர்ந்தால் அவர்களுக்கு ஆச்சரியம். நமக்கு அது வெள்ளிக்கிழமை வந்த படம்.

அப்படியானால் நமக்குப் புதுசு எது? நம் பாட்டுக்கு ஒரு சூழல் இருக்கும். காதலி பிரிந்துபோகிறாள், அண்ணன் திரும்பி வருகிறான் என்று இயக்குநர் சொல்வார், பாட்டு அதற்குள் பிறக்கும். 'பெட் சவுண்ட்ஸ்' பாட்டுகளுக்குப் பின்னால் கதை இல்லை, நாயகன் இல்லை. பெரியவர்களாகிக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஏங்குவதில் தொடங்கி, பழைய காதலி முடியை வெட்டிக்கொண்டு ஆளே மாறிப்போய்விட்டாளே என்று வருந்துவதில் முடிகிறது. நடுவில் முழுக்க ஒரு இளைஞனின் பயம், தன் மேலேயே சந்தேகம், நான் இந்தக் காலத்துக்கான ஆள் இல்லையோ என்ற கலக்கம். பதிமூன்று பாட்டும் சேர்ந்து ஒரே ஆளின் மனசு. இதை முழுசாகக் கேட்டால்தான் விளங்கும். பொறுக்கிச் சேர்த்த கேசட்டில் விளங்காது. (நடுவில் வரும் 'ஸ்லூப் ஜான் பி' மட்டும் பஹாமாஸ் நாட்டுப்பாடல். அருமையான பாட்டுத்தான், ஆனால் அந்த இடத்தில் ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.)

இனி அந்த ஒலி. நான்காவது, ஐந்தாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு அது பிடிபடத் தொடங்கியது. ஒரு இடத்தில் ஒரு வாத்தியம் வாசிக்கிறது, ஆனால் என்ன வாத்தியம் என்று சொல்ல முடியவில்லை. ஆர்கன் போலவும் இருக்கிறது, கிடார் போலவும் இருக்கிறது. பிரையன் இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார். இரண்டு மூன்று வாத்தியங்களை ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் வாசிக்க வைப்பார். நின்று வாசிக்கும் பெரிய மர பேஸும் மின்சார பேஸ் கிடாரும் ஒன்றாகப் போகும். முதல் பாட்டில் இரண்டு அக்கார்டியன் சேர்ந்து துடிக்கும். பிரித்துக் கேட்க முடியாத அளவுக்குக் கலந்தால் மூன்றாவதாக ஒரு ஒலி பிறக்கும். உலகத்தில் அந்தப் பெயரில் ஒரு வாத்தியம் கிடையாது.

நெசவு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சிறுமுகையில் பட்டு நெய்யும் இடத்தில் மயில்கழுத்து நிறம் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறேன். பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஒரு நிறம். ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஒரு நிறம். நீலமும் பச்சையும். துணியை விரித்தால் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மடிப்புக்கு மடிப்பு மாறுகிற வேறொன்று. மயில்கழுத்து என்று ஒரு சாயத்தொட்டி கிடையாது. அது நூல்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் மட்டும் இருக்கிறது. பிரையன் வில்சனுக்கு ஒற்றைக் காதில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் விழும். அதனால் அந்தச் சந்திப்பிலேயே அவர் வேலை செய்தார். ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் அதே லாஸ் ஏஞ்சலஸில் அதே வாத்தியக்காரர்களை வைத்து ஒலியைச் சுவர் போல எழுப்பியிருந்தார். பிரையன் அவருடைய பதிவுகளைக் கேட்டுக் கற்றார். ஆனால் சுவர் இவர் கையில் துணியாகிவிட்டது.

கைக்குக் கிடைத்ததெல்லாம் வாத்தியம். 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ' பாட்டின் தொடக்கத்துக்கு, ஒருவர் பியானோவின் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் உள்ளே குனிந்து கம்பியை மீட்டியிருக்கிறார்கள். அதே பாட்டின் முடிவில் சைக்கிள் மணியும் பாம்ப் ஹாரனும் வருகின்றன. தலைப்புப் பாட்டில் காலி குளிர்பானக் கேன்கள். கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் டொக்கென்று எதிரொலியோடு விழும் ஓர் அடி, கவிழ்த்து வைத்த காலித் தண்ணீர் கேன். கடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலி உடனே நெருக்கமாகிவிடும்.

பதிந்த முறையும் சொல்ல வேண்டும். பல பாட்டுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். அப்படிப் பதிந்த வாத்தியம் முழுவதையும் கலந்து எட்டுத் தடங்கள் உள்ள நாடாவில் ஒரே தடத்துக்குள் அடைத்துவிட்டு, மிச்சத் தடங்களைக் குரலுக்கு ஒதுக்கினார். கலந்தபின் ஒரு வாத்தியத்தைத் தனியாக ஏற்றவோ இறக்கவோ முடியாது. பாவு பூட்டிவிட்டால் நிறம் மாற்ற முடியாத மாதிரி. அதனால் கலப்பதற்கு முன்பே, அறையிலேயே, யார் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பது வரை அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒழுங்கான ஸ்டீரியோ வடிவம் வருவதற்கு 1997 ஆயிற்று. அதையும் நல்ல இயர்போன் வாங்கிக் கேட்டேன். பாடம் படிக்க உதவும்: எது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் மயில்கழுத்து நீலமாகவும் பச்சையாகவும் பிரிந்துவிடுகிறது. நான் மோனோவுக்கே திரும்பிவிட்டேன்.

அந்த அறையில் வாசித்தவர்கள் யார்? டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் கிடார் கரோல் கே, இன்னும் பலர். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்தவர்கள். ஆண்கள் நிறைந்த அந்த அறையில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு ஒரு பெண் பேஸ் வாசித்தார் என்பதை நான் பெருமையாக நினைக்கிறேன். 1966-இல் வந்த அட்டையில் இவர்கள் பெயர் கிடையாது. நம் ஊரிலும் இதே கதைதான். எத்தனை புல்லாங்குழலை, எத்தனை தபேலாவை ஆள் பெயர் தெரியாமலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம்! ஏ.ஆர்.ரஹ்மான் கேசட் உறையில் வாசித்தவர்கள் பெயரைப் போடத் தொடங்கிய பிறகுதான் நமக்கு முகங்கள் கிடைத்தன. துணியில் கடைக்காரர் முத்திரை இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது என்பதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் இது எனக்கு எப்போதும் வலிக்கும்.

'காட் ஒன்லி நோஸ்' பாட்டைத் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கடவுளுக்குத்தான் வெளிச்சம்'. பாடியவர் தம்பி கார்ல், 19 வயது. காதல் பாட்டு, ஆனால் உன்னை எப்போதும் காதலிப்பேன் என்று சொல்ல முடியாது என்றுதான் தொடங்குகிறது. மூன்று நிமிடம்கூட இல்லை. அது ஏன் மிதப்பது போல் இருக்கிறது என்று கீபோர்டு வாசிக்கும் நண்பரிடம் கேட்டேன். வாசித்துக் காட்டினார். பொதுவாக ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும்போது அதன் அடிப்படைச் சுரத்தை பேஸ் பிடிக்கும். காலைத் தரையில் ஊன்றிய மாதிரி இருக்கும். இந்தப் பாட்டில் பேஸ் அநேகமாக எப்போதும் கார்டின் வேறொரு சுரத்தில் நிற்கிறது. கீழே ஊன்ற வேண்டிய கால் ஊன்றுவதே இல்லை. தூரியில் உட்கார்ந்து ஆடும்போது கால் மண்ணைத் தொடப் போய்த் தொடாமல் மேலே ஏறுமே, அந்த உணர்வு. நீ இல்லாமல் நான் என்ன ஆவேன் என்று கேட்கும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தரை கிடையாது. இளையராஜாவின் பேஸ் கிடார் தனி வழியில் நடப்பதைக் கேட்டுப் பழகிய காது நமக்கு இருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காது தயாராக இருந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆல்பம் வெளியானபோது அமெரிக்காவில் 10-ஆம் இடம் வரை போனது. முந்தைய ஆல்பங்களோடு பார்த்தால் அது சறுக்கல். நிறுவனம் இரண்டே மாதத்தில், ஜூலையில், பழைய ஹிட் பாட்டுகளின் தொகுப்பைச் சந்தையில் இறக்கியது. இங்கிலாந்தில்தான் மதிப்புக் கிடைத்தது. அங்கே 2-ஆம் இடம். அந்த மே மாதமே குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த புரூஸ் ஜான்ஸ்டன் லண்டனுக்குத் தட்டைக் கொண்டுபோய், பீட்டில்ஸின் ஜான் லெனனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் போட்டுக் காட்டினார். 'காட் ஒன்லி நோஸ்' தனக்கு மிகப் பிடித்த பாட்டு என்று மெக்கார்ட்னி பல முறை சொல்லியிருக்கிறார். 1967-இல் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' வெளியிட்டார்கள். 'பெட் சவுண்ட்ஸ்' இல்லாவிட்டால் அது வந்திருக்காது என்பது அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வாக்கு. பாப் இசைத்தட்டு என்பது ஒரு முழுப் படைப்பாக இருக்கலாம், ஸ்டுடியோவில் மட்டுமே பிறக்கக்கூடிய ஒலி என்று ஒன்று இருக்கலாம் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் சாதாரணமாகிவிட்டது. இன்றைக்குத் தன் அறையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு குரல்மேல் குரலாக அடுக்கும் கோவைப் பையன், தெரிந்தோ தெரியாமலோ அந்த வழியில்தான் நடக்கிறான். பிரையன் அடுத்து எடுத்த 'ஸ்மைல்' 1967-இல் பாதியில் நின்றது. அவர் அதை முடித்து வெளியிட 2004 வரை ஆனது. நடுவில் மனநோயோடு போராடிய நெடுங்காலம்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் குழு நின்று ஆடுகளுக்குத் தீனி கொடுக்கிறது. இந்த மாபெரும் ஆல்பத்துக்கு இவ்வளவு சாதாரணமான அட்டையா என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும். கன்னிவாடிச் சந்தையில் ஆடு பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆடுகள் கழுத்தை நீட்டும் விதம் நன்றாகத் தெரியும்.

என் பெரியப்பா நாற்பது வருடம் தறிக் குடோனில் இருந்தவர். பன்னிரண்டு தறி ஓடினால் உள்ளே ஒலி 90 டெசிபலைத் தாண்டும். அடுத்தவர் பேசுவது வாயைப் பார்த்தால்தான் புரியும். அவருக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடதில் பாதி இருக்கிறது. ஆனாலும் வெளியே கட்டிலில் படுத்தபடி, "மூணாந் தறில நாடா அடி மாறுது, போய்ப் பாரு கண்ணு" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்த இரைச்சல் அவருக்கு இரைச்சல் அல்ல. பன்னிரண்டு தனித்தனிக் குரல்.

போன மாசம் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. போனை அவர் இடது காதோரம் பிடித்து, கடைசிப் பாட்டான 'கேரோலைன், நோ' போட்டேன். முதல் அடி விழுந்ததும், "குடமா?" என்றார். தண்ணீர் கேன் என்றேன். தலையாட்டினார். பாட்டு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு முடிந்ததும் ஒரு ரயில் கடந்து போகும் ஒலி வரும், கூடவே பிரையன் வளர்த்த பனானா, லூயி என்ற இரண்டு நாய்கள் குரைக்கும். ரயில் தூரத்தில் தேய்ந்தது. பெரியப்பா கண்ணைத் திறந்து, வாசலுக்கு அப்பால் தண்டவாளம் இருக்கும் பக்கம் பார்த்தார்.

"இந்நேரத்துக்கு எந்த வண்டி கண்ணு?" என்றார்.